மூன்று பேர் வளர்த்த கேடயக்கொடி

மலைகளுக்கு மனிதர்கள் இன்னும் பெயர் வைத்து முடிக்காத காலத்தில், மேகத்துக்குச் சற்றுக் கீழே ஒரு சின்ன நாடு இருந்தது. சின்ன நாடு என்றால் மெய்யாகவே சின்ன நாடு. அரசர் அரண்மனை மாடத்தில் நின்று தும்மினால், எல்லையில் காவல் நிற்பவன் "நூறு வயது" என்று வாழ்த்துவான். அவ்வளவுதான் நாடு.

நாட்டின் நடுவே ஓர் ஓடை. ஓடைக்கு மேற்கே மிளகு வணிகர்கள் இருந்தார்கள். கிழக்கே ஆடு வளர்ப்பவர்கள் இருந்தார்கள். இரு கரைக்காரர்களும் சந்தையில் பேசிக்கொள்வார்கள். பாலத்தில் எதிர்ப்பட்டால் வழிவிட்டுக்கொள்வார்கள். திருவிழாவில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். ஆனால் மேற்குக் கரைப் பெண் கிழக்குக் கரைக்கு வாழப் போனதில்லை. கிழக்குக் கரைப் பெண்ணும் மேற்கே வந்ததில்லை. ஏன் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. அப்படியே இருந்துவிட்டது.

அந்த மலையில் ஒரு கொடி உண்டு. இந்தக் காலத்தில் குளிர்ந்த ஊர்களின் பூந்தோட்டங்களில் நாஸ்டர்ஷியம் என்று ஒரு கொடி வைக்கிறார்கள். அதைப் பார்த்தவர்கள் அதையே நினைத்துக்கொள்ளலாம். பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். இலை வட்டமாக இருக்கும். காம்பு இலையின் ஓரத்தில் இல்லாமல் நடு முதுகில் ஒட்டியிருக்கும். தாமரை இலையைக் குழந்தையின் உள்ளங்கை அளவுக்குச் சுருக்கினால் எப்படி இருக்குமோ அப்படி. மழைத்துளி விழுந்தால் ஒட்டாமல் உருண்டு ஓடும். பாகற்கொடிக்கு இருப்பதுபோல் அதற்குச் சுருள் கம்பி கிடையாது. இலைக்காம்பையே விரல்போல வளைத்து வேலியைப் பிடித்துக்கொண்டு ஏறும். பூவோ, அடுப்பில் கனலும் கங்கின் நிறம். பூவின் பின்னால் கொம்புபோல ஒரு வால். வாலுக்குள் ஒரு சொட்டுத் தேன். இலையைக் கடித்தால் கடுகையும் மிளகையும் சேர்த்துக் கடித்ததுபோல் நாக்கைச் சுள்ளென்று பிடிக்கும்.

வீரர்கள் கையில் பிடிக்கும் கேடயம்போல இலை இருந்ததால், அந்த நாட்டு மக்கள் அதைக் கேடயக்கொடி என்றார்கள்.

அந்த நாட்டில் கல்யாணம் பேசி முடித்தால் தாம்பூலம் மாற்றுவதோடு விடமாட்டார்கள். இரு வீட்டாரும் சேர்ந்து ஊருக்குப் பொதுவான இடத்தில் ஒரு குழி தோண்டி, கேடயக்கொடியின் விதையை ஊன்றுவார்கள். காலையில் பெண் வீட்டார் வந்து கொடியைப் பார்த்துக்கொள்ள வேண்டும். மாலையில் மாப்பிள்ளை வீட்டார் வந்து பார்த்துக்கொள்ள வேண்டும். நாட்டை ஆளும் அரசர் இதற்குச் சாட்சி. முதல் பூ பூத்த அன்று அரசர் வந்து பார்த்து, "பூத்தது" என்று ஒரு சொல் சொல்வார். அதன் பிறகுதான் பந்தக்கால்.

பூக்காவிட்டால்?

குளிர்காலத்தில் அந்த மலையில் பனி இறங்கும். புல்லெல்லாம் ஒரே காலையில் வெள்ளையாகிவிடும். கேடயக்கொடி கருகிவிடும். அதற்குள் ஒரு பூவாவது பூக்கவில்லை என்றால் கல்யாணம் நின்றுவிடும். "சேர்ந்து ஒரு கொடியை வளர்க்கத் தெரியாதவர்கள் சேர்ந்து ஒரு குடும்பத்தை எப்படி வளர்ப்பார்கள்?" என்பார்கள் ஊரார். அந்த இரு வீடுகளும் அப்புறம் எந்தக் காலத்திலும் சம்பந்தம் பேசக்கூடாது.

இப்படி நின்றுபோன கல்யாணம் எதுவும் யாருக்கும் நினைவில் இல்லை. ஏனென்றால் கேடயக்கொடி சாதாரணமாகப் பூக்கிற கொடி. கல்லிடுக்கில் போட்டாலும் பூக்கும்.

ஓர் ஆண்டு, சந்தை நாளில், கிழக்குக் கரை ஆடு ஒன்று மேற்குக் கரைச் சாத்தனாரின் மிளகு மூட்டையில் வாய் வைத்தது. வைத்துவிட்டுத் தும்மிக்கொண்டே சந்தையைச் சுற்றிச் சுற்றி ஓடியது. ஆட்டைத் துரத்திக்கொண்டு ஓடியவன் அதை வளர்த்த கீரன். அதைப் பார்த்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தவள் சாத்தனாரின் மகள் மருதி.

"சிரிக்காமல் கொஞ்சம் பிடித்துக் கொடுத்தால் என்ன? காரம் தணிய ஒரு வாய் மோராவது ஊற்றக்கூடாதா?" என்றான் கீரன்.

"எங்கள் மிளகைத் தின்றது உங்கள் ஆடு. அதற்கு மோர் வேறு நான் கொடுக்க வேண்டுமா?" என்றாள் மருதி. ஆனாலும் மோர் கொடுத்தாள்.

அடுத்த சந்தைக்கு அந்த ஆடு வரவில்லை. கீரன் மட்டும் வந்தான். அதற்கடுத்த சந்தைக்கும் வந்தான். பிறகு அவனுடைய தாயார் எயினியம்மை வெற்றிலைத் தட்டோடு ஓடையைத் தாண்டி வந்தார். அந்த நாட்டில் வெற்றிலைத் தட்டு ஓடையைத் தாண்டியது அதுதான் முதல் தடவை.

சாத்தனார் மகளின் முகத்தைப் பார்த்தார். மகள் தரையைப் பார்த்தாள். தட்டை வாங்கிக்கொண்டார்.

பாலத்துக்குப் பக்கத்தில் வேலி கட்டினார்கள். குழி தோண்டினார்கள். விதையை ஊன்றினார்கள். அரசர் நெடுங்கோ வந்து ஒரு கைப்பிடி மண் தள்ளினார். இரண்டு கரையையும் சேர்க்கிற கல்யாணம் என்பதால் அவருக்கு அளவில்லாத மகிழ்ச்சி.

விதை முளைத்தது. இரண்டு சின்னக் கேடயங்கள் மண்ணைவிட்டு எட்டிப் பார்த்தன. அங்கேதான் சிக்கல் ஆரம்பித்தது.

சாத்தனார் காலையில் வந்து தம் முறைக்குத் தண்ணீர் ஊற்றினார். வீட்டுக்குப் போனார். போனவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. 'ஆட்டுக்காரர்கள். ஆட்டுக்குத் தழை ஒடித்துப் போடத் தெரியும். ஒரு கொடியை வளர்க்கத் தெரியுமா? நம் பெண்ணின் வாழ்க்கை அல்லவா இதில் இருக்கிறது' என்று நினைத்தார். எள்ளுப் பிண்ணாக்கை ஊறவைத்தார். மாலையில் மாப்பிள்ளை வீட்டார் வந்துபோன பிறகு, யாரும் பார்க்காதபோது, கொடியின் அடியில் கொட்டிவிட்டு வந்தார்.

எயினியம்மை மாலையில் வந்து தம் முறைக்குத் தண்ணீர் ஊற்றினார். வீட்டுக்குப் போனார். அவருக்கும் இருப்புக் கொள்ளவில்லை. 'வணிகர்கள். தராசு பிடித்த கை. தண்ணீரைக்கூட அளந்துதான் ஊற்றும். நம் பிள்ளையின் வாழ்க்கை அல்லவா இதில் இருக்கிறது' என்று நினைத்தார். மறுநாள் நண்பகலில், ஆடுகள் நிழலில் படுத்திருக்கும் நேரத்தில், ஒரு கூடை ஆட்டுப் புழுக்கையைக் கொண்டுவந்து கொடியின் அடியில் பரப்பிவிட்டுப் போனார்.

அரசர் நெடுங்கோவும் மாடத்தில் நின்று யோசித்தார். 'இரண்டு வீட்டாரும் கல்யாண வேலையில் கொடியை மறந்துவிட்டால் என்ன செய்வது? நம் நாட்டின் ஒற்றுமை அல்லவா இதில் இருக்கிறது.' சாட்சியாக இருப்பவர் கொடியைத் தொடக்கூடாது என்பது அவருக்குத் தெரியும். ஆனாலும் விடியற்காலையில் உலாவப் போகிறவர்போலக் கிளம்பினார். பட்டுச் சால்வைக்குள் யானைக் கொட்டிலின் எரு இருந்தது. கொடியின் அடியில் போட்டுவிட்டு, சால்வையை உதறிக்கொண்டு, பறவைகளைப் பார்ப்பதுபோல் மேலே பார்த்துக்கொண்டே திரும்பினார்.

இப்படி ஒரு நாள் செய்தால் பரவாயில்லை. மூவரும் நாள்தோறும் செய்தார்கள்.

கொடி வளர்ந்தது. வளர்ந்தது என்று சொன்னால் போதாது. வேலியை மூடியது, வேலிக்கு வெளியே வழிந்தது, பாலத்தின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நடக்கத் தொடங்கியது. உள்ளங்கை அளவு இருக்க வேண்டிய இலை தோசையளவு ஆனது. பார்த்தவர்கள் வாயைப் பிளந்தார்கள்.

"இப்படி ஒரு கொடியைப் பார்த்ததே இல்லை" என்றார்கள் மேற்குக் கரைக்காரர்கள்.

"பச்சை என்றால் இதுவல்லவா பச்சை" என்றார்கள் கிழக்குக் கரைக்காரர்கள்.

அதைக் கேட்டு மூவரும் தனித்தனியே மனத்துக்குள் பூரித்தார்கள். தங்கள் கூடையில் இன்னும் ஒரு கை சேர்த்துப் போட்டார்கள்.

ஐப்பசி போயிற்று. பூ இல்லை. கார்த்திகை வந்தது. பூ இல்லை. மொட்டுகூட இல்லை. புகழ்ந்த வாய்கள் மெல்லப் பேச்சை மாற்றின. சந்தையில் ஒருத்தி இன்னொருத்தியிடம், மருதியின் காதில் விழும்படியே சொன்னாள்:

"பூமாலை எதற்கு? இருக்கிற இலையைக் கட்டி, கீரைக்கட்டாக மாப்பிள்ளை கழுத்தில் போட்டுவிடலாமே."

மருதி வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். அழுது முடித்ததும் முகத்தைக் கழுவிக்கொண்டு கொடியைப் பார்க்கப் போனாள். அவள் அழுகையை அதிக நேரம் வைத்துக்கொள்கிறவள் இல்லை.

கொடியின் முன்னால் நின்றாள். இவ்வளவு பெரிய கொடிக்கு என்ன குறை என்று அவளுக்குப் புரியவில்லை. யோசித்தபடியே ஓர் இலையைக் கிள்ளி வாயில் போட்டாள். மென்றாள். நின்றாள். இன்னோர் இலையைக் கிள்ளி மென்றாள்.

காரமே இல்லை. வெள்ளரிக்காயைக் கடித்ததுபோல் தண்ணீராக இருந்தது.

அவள் மிளகு வணிகரின் மகள் அல்லவா? எது காரம், எது பாதிக் காரம், எது காரம்போல நடிப்பது என்பதெல்லாம் அவள் நாக்குக்குத் தெரியும். கேடயக்கொடியின் இலையில் காரம் இல்லை என்றால் ஏதோ கோளாறு இருக்கிறது.

கீரனைத் தேடிப் போனாள். அவன் ஆடுகளோடு மலைச்சரிவில் இருந்தான்.

"கேடயக்கொடி தானாக முளைக்கிற இடம் ஏதாவது தெரியுமா?" என்று கேட்டாள்.

"அந்தப் பாறைக்கு மேலே இருக்கிறது. ஆடுகூட ஏற யோசிக்கும்" என்றான் கீரன்.

"ஆடு யோசிக்கட்டும். நாம் ஏறுவோம்."

ஏறினார்கள். பாறை வெடிப்பில் ஒரு கேடயக்கொடி படர்ந்திருந்தது. மெலிந்த கொடி. சின்னச் சின்ன இலை. மண் என்று பார்த்தால் ஒரு பிடி தேறாது. ஆனால் பாறை முழுவதும் பூ. கங்கு கங்காகப் பூ. மருதி ஓர் இலையைக் கிள்ளி மென்றாள். கண்ணில் நீர் வந்துவிட்டது, அவ்வளவு காரம்.

அவள் வெடிப்பில் விரலை விட்டு மண்ணைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு சொன்னாள்:

"இதற்கு யாரும் எதுவும் கொடுக்கவில்லை. நாளைக்கு இருப்போமோ, மாட்டோமோ என்று இது பயப்படுகிறது. அதனால்தான் பூத்து, விதை போட்டு வைக்கிறது. நம் கொடிக்கு அந்தக் கவலையே இல்லை. வயிறு நிறைய நிறைய யாரோ ஊட்டிக்கொண்டிருக்கிறார்கள். அது சாப்பிடுகிறது, இலை போடுகிறது, தூங்குகிறது."

"யார் ஊட்டுகிறார்கள்?" என்றான் கீரன்.

"அதைத்தான் கேட்கப் போகிறேன்."

முதலில் தகப்பனாரிடம் கேட்டாள். "அப்பா, கொடிக்கு ஏதாவது போட்டீர்களா?"

"நானா? காலையில் நம் முறைக்கு ஊற்றுகிற தண்ணீர்தான், அம்மா. வேறு எதையும் தொட்டதில்லை" என்றார் சாத்தனார். அவர் கையில் பிண்ணாக்கு வாசனை வந்தது.

இரண்டாவதாக எயினியம்மையிடம் கேட்டாள். "அத்தை, கொடிக்கு ஏதாவது போட்டீர்களா?"

"எனக்கு ஆட்டைப் பார்க்கவே நேரம் போதவில்லை, பெண்ணே. முறை தவறி அந்தப் பக்கமே வந்ததில்லை" என்றார் எயினியம்மை. அவர் பின்னால் கூடை ஒன்று காய்ந்துகொண்டிருந்தது.

மூன்றாவதாக அரசரிடம் கேட்டாள். "அரசே, கொடிக்கு யாராவது எதையாவது போட்டதைப் பார்த்தீர்களா?"

"நான் சாட்சி மட்டும்தான், அம்மா. யானை எருவைப் பற்றியெல்லாம் எனக்கு என்ன தெரியும்?" என்றார் அரசர்.

யானை என்று மருதி சொல்லவே இல்லை. அவள் அரசரைப் பார்த்தாள். அரசர் மேலே பறவைகளைப் பார்த்தார். அது கூரை போட்ட மண்டபம். பறவை ஒன்றும் இல்லை.

மறுநாள் கொடியின் அடி மண்ணைத் தோண்டப் போவதாக மருதி ஊரில் சொல்லச் சொன்னாள். எல்லாரும் கூடிவிட்டார்கள். சாத்தனார் வந்தார், எயினியம்மை வந்தார், அரசரும் வந்தார். கீரன் களைக்கொத்தை எடுத்து, வேருக்கு நோகாமல், ஓரத்திலிருந்து மண்ணைக் கிளறினான்.

முதலில் வந்தது யானை எரு. அதைத் தள்ளினான். அடுத்து வந்தது எள்ளுப் பிண்ணாக்கு. அதைத் தள்ளினான். அதற்கும் கீழே ஆட்டுப் புழுக்கை. அதன் கீழே மறுபடி யானை எரு, மறுபடி பிண்ணாக்கு, மறுபடி புழுக்கை. குவியல் அவன் இடுப்பு உயரத்துக்கு வந்துவிட்டது.

கீரன் முதுகை நிமிர்த்தினான். "பிண்ணாக்கு பல வீட்டில் இருக்கும். ஆடு எங்கள் கரையில் எல்லா வீட்டிலும் உண்டு. யானை மட்டும் யார் வீட்டில் கட்டியிருக்கிறது என்று யோசிக்கிறேன்" என்றான்.

கூட்டத்தில் யாரோ குபீரென்று சிரித்தார்கள். அரசர் இருமினார்.

மருதி யாரையும் குற்றம் சொல்லவில்லை. கேட்கவும் இல்லை. அவள் கேட்காமல் நின்றதுதான் மூவருக்கும் பொறுக்கவில்லை.

சாத்தனார் முன்னால் வந்தார். "பிண்ணாக்கு என்னுடையதுதான். மாப்பிள்ளை வீட்டார் கொடியைச் சரியாகக் கவனிக்கமாட்டார்கள் என்று நினைத்துவிட்டேன். தப்புதான், தங்கச்சி" என்றார் எயினியம்மையிடம்.

"நான் மட்டும் என்ன, அண்ணா? நீங்கள் அளந்து ஊற்றுவீர்கள் என்று நினைத்துத்தானே நானும் கூடையைத் தூக்கினேன்" என்றார் எயினியம்மை.

அரசர் தொண்டையைச் சரிசெய்துகொண்டார். "நீங்களாவது ஒருவரைப் பற்றி ஒருவர் நினைத்தீர்கள். நான் உங்கள் இரண்டு பேரைப் பற்றியும் நினைத்தேன்" என்றார்.

கூட்டம் சிரித்தது. ஆனால் சிரித்துக்கொண்டிருக்க நேரமில்லை. காற்றில் ஈரம் குறைந்துவிட்டது. வானம் துடைத்து வைத்ததுபோல் இருந்தது. ஆடு மேய்க்கிறவர்களுக்கு அதன் பொருள் தெரியும். பனி மலைக்குப் பின்னால் வந்து நிற்கிறது.

கீரன் எருவையெல்லாம் வாரி எடுத்தான். ஓடையிலிருந்து மணலும் சரளைக்கல்லும் சுமந்து வந்து குழியை நிரப்பினான். வேலை முடிந்தது. ஆனால் கடினமான வேலை இனிமேல்தான் இருந்தது. அது ஒன்றும் செய்யாமல் இருப்பது.

மருதி மூவரையும் கூப்பிட்டாள். "நீங்கள் வீட்டில் இருந்தால் உங்கள் கை சும்மா இருக்காது. அது எனக்குத் தெரியும். அதனால் மூன்று பேரும் பகல் முழுவதும் இந்த வேலி ஓரத்தில் உட்காருங்கள். ஒருவர் கையை மற்ற இருவர் பார்த்துக்கொள்ளுங்கள். கொடி வாடும். பழுக்கும். பார்க்கவே முடியாது. அப்போதும் தொடக்கூடாது" என்றாள்.

"அரசரையுமா காவலில் வைக்கிறாய்?" என்றார் சாத்தனார்.

"அவரைத்தான் முதலில்" என்றார் எயினியம்மை.

மூவரும் உட்கார்ந்தார்கள். அரசர் அங்கேயே வழக்குக் கேட்டார். எயினியம்மை கம்பளி நூல் நூற்றார். சாத்தனார் மிளகு புடைத்தார். முதல் நாள் யாரும் அதிகம் பேசவில்லை. பிறகு பேசாமல் இருக்க முடியவில்லை. எயினியம்மை கொண்டுவந்த தயிரைச் சாத்தனார் சாப்பிட்டுப் பார்த்து, "இத்தனை காலம் ஓடைக்கு அந்தப் பக்கம் இதை மறைத்து வைத்திருந்தீர்களா?" என்று கேட்டார். சாத்தனார் வீட்டு மிளகுக் குழம்பைச் சாப்பிட்ட எயினியம்மை தண்ணீர் கேட்கவில்லை. அது பெரிய மரியாதை.

கொடி வாடியது. தோசையளவு இலைகள் ஓரத்தில் மஞ்சளாயின. மஞ்சள் நடுவுக்குப் பரவியது. ஒவ்வொன்றாக உதிர்ந்தன. உதிரும்போதெல்லாம் மூவரும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார்கள்.

"ஒரே ஒரு வாய்த் தண்ணீர்" என்று சாத்தனார் எழுந்தார். மற்ற இருவரும் வேட்டியைப் பிடித்து உட்கார வைத்தார்கள்.

"நுனிக் கொழுந்துக்கு மட்டும்" என்று எயினியம்மை எழுந்தார். மற்ற இருவரும் வழியை மறித்தார்கள்.

"அரசன் ஆணையிட்டால்?" என்று அரசர் கேட்டார். "அரசன் ஆணையிட்டால் நாங்கள் காது கேளாதவர்கள்" என்றார்கள் இருவரும்.

இவர்களையெல்லாம் தடுத்துவிட்ட மருதிக்கு ஒரு நாள் மனம் உடைந்தது. அன்று பிற்பகல் கொடியைப் பார்த்தாள். பாதி இலை இல்லை. மீதிப் பாதி தொங்கிக்கொண்டிருந்தது. 'நான் நினைத்தது தப்பாக இருந்தால்? என் கையாலேயே இதைக் கொன்றுகொண்டிருந்தால்?' என்று நினைத்தாள். மூவரும் வெயிலில் கண்ணயர்ந்திருந்தார்கள். அவள் ஓடைக்குப் போய்ச் செம்பு நிறையத் தண்ணீர் மொண்டு வந்தாள். கொடியின் அடியில் குனிந்தாள்.

வேலிக்கு அந்தப் பக்கம் கீரன் நின்றிருந்தான். அவன் தடுக்கவில்லை. அவளைப் பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தான். அவன் முகமும் அவள் முகத்தைப்போலவே பயந்துபோய் இருந்தது.

"ஊற்றட்டுமா?" என்று கேட்டாள் மருதி.

"எனக்கும் ஊற்ற வேண்டும்போல்தான் இருக்கிறது. காலையிலிருந்து நான்கு தடவை ஓடைப்பக்கம் போய்த் திரும்பிவிட்டேன்" என்றான் கீரன்.

மருதி செம்பைப் பார்த்தாள். கொடியைப் பார்த்தாள். பிறகு செம்பைத் தூக்கி, மடமடவென்று தானே குடித்துவிட்டாள். கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டு, முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு, கொடிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாள்.

அன்றும் ஒன்றும் ஆகவில்லை. மறுநாளும் ஒன்றும் ஆகவில்லை.

அதற்கடுத்த நாள் எயினியம்மை நூல் நூற்பதை நிறுத்திவிட்டுக் கொடியை உற்றுப் பார்த்தார். "அண்ணா, என் கண்ணுக்குத்தான் அப்படித் தெரிகிறதா? அந்தக் கணுவில் என்னவோ கூராக இருக்கிறது" என்றார்.

சாத்தனார் பார்த்தார். அரசர் பார்த்தார். இலைக்காம்பு தண்டில் சேரும் இடத்தில், அரிசியைவிடக் கொஞ்சம் பெரிதாக, பின்னால் ஒரு குட்டி வாலோடு, ஒரு மொட்டு இருந்தது.

யாரும் தொடவில்லை. யாரும் சத்தம் போடவில்லை. பெரிய சத்தத்தில் அது மறுபடி உள்ளே போய்விடுமோ என்று மூவரும் பயந்ததுபோல் இருந்தது. அரசர் அன்று வழக்குகளையெல்லாம் காதோடு காதாகக் கேட்டார்.

மொட்டு நீண்டது. அதன் பக்கத்தில் இன்னொன்று வந்தது. பனியும் நெருங்கி வந்தது. காலையில் மூச்சு விட்டால் புகையாகத் தெரிந்தது. ஆடுகளைக் கொட்டிலுக்குள் அடைக்கத் தொடங்கிவிட்டார்கள். "இன்றோ நாளையோ இறங்கிவிடும்" என்று சரிவில் நின்று கைகளைத் தேய்த்துக்கொண்டார்கள்.

விடிந்தது. மருதி வீட்டு வாசலுக்கு ஓடிவந்து புல்லைப் பார்த்தாள். பச்சையாகவே இருந்தது. பாலத்துக்கு ஓடினாள். கீரன் எதிர்க்கரையிலிருந்து ஓடிவந்தான். சாத்தனாரும் எயினியம்மையும் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார்கள். மூடுபனி வேலியை மறைத்திருந்தது. வெயில் வர வர மெல்ல விலகியது. முதலில் வேலி தெரிந்தது. பிறகு கொடி தெரிந்தது. பிறகு கங்குபோல் ஒரு பூ தெரிந்தது.

அரசர் நெடுங்கோ செருப்புக்கூட இல்லாமல் வந்து நின்றார். அவர் சொல்ல வேண்டியது ஒரே ஒரு சொல். இருமிப் பார்த்தார். சால்வையைச் சரிசெய்துகொண்டார்.

"சொல்லுங்கள், அரசே" என்றார் எயினியம்மை. "இத்தனை நாள் வாய் ஓயாமல் பேசினீர்கள்."

"பூத்தது" என்றார் அரசர்.

சாத்தனார் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். எயினியம்மை கண்ணைத் துடைத்துக்கொண்டு, குளிர்காற்று பட்டதால் அப்படி என்றார். மருதி சிரித்தாள். மிளகு தின்ற ஆட்டைப் பார்த்துச் சிரித்தாளே, அப்படிச் சிரித்தாள். இரண்டு கரையிலும் இத்தனை நாள் அடக்கி வைத்திருந்த மூச்சை எல்லாரும் ஒன்றாக விட்டதுபோல் இருந்தது. அன்றைக்கே பந்தக்கால் நட்டார்கள். பனியும் அந்த ஆண்டு சில நாள் பொறுத்தே இறங்கியது; கல்யாணத்துக்குள் வேலி முழுவதும் பூத்துவிட்டது. மாலைக்குப் போக மீதி இருந்ததைப் பிள்ளைகள் பறித்து வாலில் இருந்த தேனை உறிஞ்சினார்கள்.

கல்யாணத்தன்று கிழக்குக் கரையில் விருந்து. புது மருமகளுக்குத் தம் கையாலேயே பரிமாற வேண்டும் என்று எயினியம்மை வந்தார். சோறு போட்டார். நெய் ஊற்றினார். பாயசம் ஊற்றினார். மறுபடி கரண்டியை நிறைய மொண்டு, மருதியின் இலைக்கு மேலே கொண்டுவந்தார்.

"போதும், அத்தை" என்றாள் மருதி.

எயினியம்மையின் கை ஒரு கணம் அப்படியே நின்றது. கரண்டியிலிருந்து ஒரு சொட்டு விழப்பார்த்தது. அவர் பந்தியின் எதிர்வரிசையில் இருந்த சாத்தனாரைப் பார்த்தார். சாத்தனார் அரசரைப் பார்த்தார். மூவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. எயினியம்மை கரண்டியை மெதுவாகப் பாத்திரத்துக்கே கொண்டுபோனார்.

கதை இதுதான், பிள்ளைகளே. இது சொல்கிற நீதியும் சின்னதுதான்: அன்பு வைத்தவர்களுக்கு அள்ளிக் கொடுக்கத் தெரிந்தால் மட்டும் போதாது, போதும் என்று கையை எடுத்துக்கொள்ளவும் தெரிந்திருக்க வேண்டும்.